ஒரு கட்டை கீழே

"அப்படியே இசைத்தட்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சு" என்று யாராவது வந்து கையைப் பிடித்துக் குலுக்கினால் வெர்னனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிடுவார். அப்படியென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து இசைத்தட்டைப் போட்டுக் கேட்டிருக்கலாமே, இந்த மழையில் இரண்டு பஸ் மாறி எதற்கய்யா வந்தாய் என்று உள்ளுக்குள் ஓடும். கடந்த இரண்டு வருடமாக எந்த ஊருக்குப் போனாலும் இதே பாராட்டுதான். குழுவின் பாடகர் ரோலி உயிரோடு இருந்தவரை ஒருத்தராவது இப்படிச் சொன்னதுண்டா? கிடையவே கிடையாது. "குரல் போச்சுப்பா உனக்கு, ஆனாலும் நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். ரோலியும் "உன் தலைமுடி மட்டும் இருக்கா என்ன?" என்று திருப்பிக் கொடுப்பார்.

அயர்ன் கெட்டில் என்பது அவர்கள் குழுவின் பெயர். ஐம்பது வருடத்துக்கு முன்னால் சொந்த ஊரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்த்த நான்கு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபவுண்டரி கேண்டீனில் உட்கார்ந்து வாசித்துப் பழகினார்கள். அங்கே ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்த டீக் கெட்டிலைப் பார்த்து வைத்த பெயர் அது. டிரம்ஸ் வாசித்த டெட் மாரடைப்பில் போனார். கிட்டார் வாசித்த மிக்கைப் புற்றுநோய் கொண்டுபோனது. மிக்கின் இடத்துக்கு வந்த சைமனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது; குழுவில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் அவரை எல்லாரும் 'புதுப் பையன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாடகர் ரோலியும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருப்பது பேஸ் கிட்டார் வாசிக்கும் வெர்னன் மட்டும். வயது எழுபத்து மூன்று.

வெளியே சொல்லாத ஒரு சங்கதியும் உண்டு. ரோலிக்கு நாற்பத்தைந்து வயதானபோது பழைய பாட்டுகளின் மேல்ஸ்தாயி எட்டாமல் தொண்டை திணறியது. எல்லா வாத்தியங்களின் சுருதியையும் அரைக் கட்டை இறக்கினார்கள். ஐம்பத்தைந்து வயதில் இன்னும் அரை. ஆக மொத்தம் ஒரு முழுக் கட்டை. வயசான பாட்டுக்காரர்கள் எல்லாரும் கமுக்கமாகச் செய்துகொள்கிற காரியம்தான். சபைக்கு ஒன்றும் தெரியாது. ரோலி சாகும்வரை பதினாறு வருடம் அந்தக் கீழ்ச் சுருதியிலேயே வாசித்து வெர்னனின் காதில் அதுவே ஊறிப்போய்விட்டது.

இப்போது பாடுகிற டீனுக்கு நாற்பது வயது. குழாய் பழுது பார்க்கிற தொழில். சனிக்கிழமைகளில் ரோலியைப் போலவே உடுப்பு மாட்டிக்கொண்டு ரோலியைப் போலவே பாடித் திரிந்தவனை மேனேஜர் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். அடேங்கப்பா, என்ன தொண்டை! இருபத்து நான்கு வயது ரோலி இசைத்தட்டில் எப்படிப் பாடினாரோ அச்சு அசலாக அப்படியே. பிறகென்ன, சுருதியைப் பழையபடி ஒரு கட்டை ஏற்றிவிட்டார்கள். வெர்னனுக்குப் புது பேஸ் கிட்டார் ஒன்றும் வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் வந்தது. வெர்னனுக்குத்தான் மேடையில் நிற்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் விருந்தாளியாக நிற்பது போலவே இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சொந்த ஊர் டவுன் ஹாலில் மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி. ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டதே, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமா. காலை பதினொரு மணிக்கு வெர்னன் ரோலியின் மனைவி பெரில் ட்ரான்ட்டரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாடா கிழவா. ஷூவைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றாள் பெரில். "உன் பெட்டி மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. முதல்ல அதை எடுத்துட்டுப் போ. ரெண்டு வருஷமா வேக்குவம் க்ளீனரை வைக்க இடமில்லாம நான் படற பாடு!"

பெட்டிக்குள் இருந்தது வெர்னனின் பழைய பேஸ் கிட்டார். ரோலியின் அடக்கத்தன்று தேவாலயத்தில் வாசித்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக மனசு வராமல் இங்கேயே விட்டுப்போனது. அதன்பிறகு அதைத் தொடவே இல்லை.

பெரில் டீ ஊற்றினாள். பேக்கன் இறைச்சி வைத்த ரொட்டியைத் தட்டில் தள்ளினாள். வெர்னன் ரொட்டியைத் தொடாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னிக்கு நீ வரணும் பெரில்."

"எதுக்கு? அந்த மனுஷன் எப்படிப் பாடுவான்னு எனக்குத் தெரியாதா? நாற்பத்தேழு வருஷம் குளியலறையில பாடினதக் கேட்டவ நான்."

"மேனேஜர் அடுத்த வருஷத்துக்கு நாற்பது ஊர் பிடிச்சு வெச்சிருக்கார். நாளைக்குள்ள நான் சரின்னு சொல்லணும். நான் முடியாதுன்னுட்டா அயர்ன் கெட்டில் அதோட முடிஞ்சுது. எனக்கே தெரியல பெரில். நான் வாசிக்கறது நம்ம குழுவுலயா, இல்ல நம்ம குழு மாதிரி ஏதோ ஒண்ணுலயான்னு எனக்குப் புரியவே இல்ல. நீ கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்னா நான் சரின்னு சொல்றேன். பாதியில எழுந்து போயிட்டா கடையை மூடிடறேன்."

"நல்லா இருக்குடா உன் நியாயம்! உன் குழு, உன் கச்சேரி, தீர்ப்பு மட்டும் என் தலையிலயா?"

"வேற யார் தலையில கட்டுவேன்? மத்தவங்க எல்லாம் செத்துட்டாங்களே."

பெரில் சிரித்துவிட்டாள். பிறகு டிக்கெட்டை எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அவள் சரி என்று சொல்வது எப்போதும் அந்த விதத்தில்தான்.

மூன்று மணிக்கு ஹால் நிரம்பி வழிந்தது. பழைய ஃபவுண்டரி ஆட்கள், அவர்கள் மனைவிமார், முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கைத்தடிக்காரர்கள். ஐந்தாவது வரிசையில் நடைபாதை ஓரமாகப் பெரில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வெர்னன் புது கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

முதல் பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் காதைப் பிளந்தது. டீன் உச்சத்தைத் தொட்டபோதெல்லாம் நூறு கைகள் செல்போனை உயர்த்திப் பிடித்தன. படம் பிடித்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதுதான் வெர்னனை அறுத்தது. இதே ஊரில், இதே ஹாலில், ரோலி பாடினால் கூடச் சேர்ந்து கத்தாத ஆள் உண்டா? ரோலி பாதியில் நிறுத்திவிட்டு, "நீங்களே பாடிக்கறீங்கன்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்று திட்டுவாரே.

மூன்றாவது பாட்டின் நடுவில் பெரில் எழுந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பின்கதவு வழியாகப் போய்விட்டாள். வெர்னனின் விரல்கள் பாட்டுக்குத் தானாகவே ஓடிக்கொண்டிருந்தன. கண் மட்டும் அந்தக் காலி நாற்காலியை விட்டு நகரவில்லை.

சரி, முடிந்தது. பாவி, அவளைக் கூப்பிட்டிருக்கவே கூடாது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் வெர்னன் பெரில் வீட்டிலிருந்து தூக்கி வந்த பழைய பெட்டியைத் திறந்தார். கடைசிப் பாட்டையாவது இதில் வாசித்து முடித்துவிடலாம் என்று தோன்றியது. டீன் வெந்நீர்க் குவளையோடு வந்து பக்கத்தில் நின்றான். தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் தடவிக்கொண்டிருக்கிறான்.

"மிஸஸ் ட்ரான்ட்டர் எழுந்து போயிட்டாங்களே வெர்ன். நான் ஏதாவது தப்பாப் பாடிட்டேனா?"

"தப்பே இல்லாமப் பாடினே. உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்புறம் ஏன்?"

"அவ புருஷன் இருபத்து நாலு வயசுல அவளுக்குக் கிடைச்சான். எழுபத்தோரு வயசுல போனான். அவ தேடறது அந்த எழுபத்தோரு வயசுக்காரனை. நானும் அவனைத்தான் தேடறேன். நீ தினமும் அந்த இருபத்து நாலு வயசுக்காரனையே கூட்டிட்டு வர்றே."

டீன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டாமே என்று வெர்னனுக்கு இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இல்லை.

வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ளும் நாபி கையை நீட்டினான். "குடுங்க, மெஷின்ல வெச்சு சுருதி பாத்துடறேன்."

"இதைத் தொடாதே. ஐம்பது வருஷமா இதுக்கு என் காதுதான் மெஷின்."

தடித்த தந்தியை மீட்டிக் கேட்டார். அதை வைத்து அடுத்ததை, அடுத்ததை வைத்து அதற்கடுத்ததைச் சரி செய்தார். நான்கும் ஒன்றோடொன்று இழைந்தன. காதுக்கு அத்தனை சுகமாக இருந்தது. எதையும் யோசிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தச் சுகத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசிப் பாட்டு 'கால்வாய்க்கு அந்தப் பக்கம்'. அவர்கள் பிழைப்பே அந்த ஒரு பாட்டில்தான் ஓடியது. முதலில் பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கும். சின்ன மெட்டு ஒன்று நான்கு தடவை சுற்றி வரும். ஐந்தாவது சுற்றில் பாடகர் எடுப்பார். இசைத்தட்டில் அப்படி. மேடையில் என்றைக்கு அப்படி நடந்தது? அந்தப் பாட்டுக்கு முன்னால் ரோலிக்குக் கட்டாயம் சிறுநீர் கழிக்கப் போகவேண்டும், இல்லை டீ குடிக்கவேண்டும். "நீ ஆரம்பிச்சிருடா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேடையின் இடது பக்கமாக மறைவார். வெர்னன் சுற்றுவார். ஆறு சுற்று, பத்து சுற்று, ஒரு தடவை இருபத்தேழு சுற்று. பிறகு ரோலி சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக வருவார். வெர்னன் கெட்ட வார்த்தையில் முணுமுணுப்பார். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதும், கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக நிக்காதடா, ஆரம்பிச்சிரு" என்றுதான் சொன்னார். டீன் அப்படியெல்லாம் இல்லை. ஐந்தாவது சுற்றின் முதல் தட்டிலேயே கச்சிதமாக எடுத்துவிடுவான்.

விளக்குகள் அடங்கின. வெர்னன் ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

டீன் எடுக்கவில்லை.

ஐந்து, ஆறு. வெர்னன் பழைய பழக்கத்தில் இடது பக்கம் பார்த்துக்கொண்டே சுற்றினார். ஏழு, எட்டு. அவருக்குப் பதற்றமே வரவில்லை. விரலுக்கு அடியில் அந்த மெட்டு அதன் சொந்தப் படுக்கையில் புரண்டு படுப்பது போல இருந்தது. எங்கே போய்த் தொலைந்தான், வந்துவிடுவான் என்று இருந்தது. ஒன்பதாவது சுற்றில் மேடையின் இடதுபுறத் திரை அசைந்தபோது அவர் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டார். காற்றுதான்.

"வெர்ன்!" சைமன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "சுருதி! உங்களது ஒரு கட்டை கீழ இருக்கு!"

அப்போதுதான் உறைத்தது. ரோலிக்காக இறக்கி வைத்த தந்திகள். அடக்கத்தன்று வாசித்த அதே சுருதி. மற்ற எல்லா வாத்தியமும் மேலே இருக்க, இவர் மட்டும் கீழே நின்றுகொண்டு ஊர் பார்க்கச் சுற்றிக்கொண்டிருக்கிறார். காது அவரைக் கவிழ்த்துவிட்டது. நிறுத்தினால் சொந்த ஊரில் மானம் போகும்; நிறுத்தாவிட்டால் சைமன் உள்ளே வந்த மறுநொடி நாராசமாகிவிடும். இந்தப் பாட்டில் சைமன் வாசிப்பதெல்லாம் விரல் வைத்து அழுத்தாத வெறும் தந்தியை அடிப்பது. அதைச் சட்டென்று ஒரு கட்டை இறக்க முடியாது.

டீன் பக்கத்தில் வந்தான். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டான்.

"நிறுத்தாதீங்க வெர்ன். இப்படியே போங்க."

"டேய், உனக்கு இதுல பாட வராதுடா."

"என் சொந்தக் குரல் இங்கதான் இருக்கு. இத்தனை நாள் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்."

பதினான்காவது சுற்றில் டீன் பாட எடுத்தான். ரோலி மாதிரி இல்லை. எந்த வயது ரோலி மாதிரியும் இல்லை. கரகரப்பான, கொஞ்சம் சளி கட்டிய, குழாய் வேலைக்காரனின் குரல். சைமன் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். டிரம்ஸ் வாசிக்கிறவர் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு விரல் நுனியால் தட்டினார்.

*அந்தக் கரையில் விளக்கெரியுது,*
*நான் இன்னும் பாலத்துமேல...*

மாடிப் பால்கனியிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கூடச் சேர்ந்தது. பின்வரிசையில் இன்னொன்று. அப்புறம் எங்கிருந்தெல்லாம் என்று சொல்ல முடியாமல் ஹால் முழுவதும் பாடத் தொடங்கியது. அட, இது ஏன் இவருக்கு இத்தனை நாள் தோன்றவில்லை? இவர்களுக்கும் எழுபது வயது. இவர்களுக்கும் தொண்டை போய்விட்டது. அந்தப் பழைய உச்சத்தில் யாராலும் ஏற முடியவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ரோலியோடு சேர்ந்து இவர்களும் ஒரு கட்டை இறங்கியிருந்தார்கள். இப்போது செல்போன்கள் மடியில் கிடந்தன.

பாட்டு மூன்றாவது சரணத்தில் இருந்தபோது வெர்னன் நிமிர்ந்து பார்த்தார். பின்கதவு திறந்திருந்தது. பெரில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கோட் பொத்தான்கள் எல்லாம் போட்டபடி, கைப்பை தோளில். வாய் அசைந்துகொண்டிருந்தது.

கச்சேரி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவள் மேடைக்குப் பின்னால் வந்தாள். வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது. வெர்னன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். டீக் குவளையைத் தரையில் வைத்திருந்தார்.

"தெரிஞ்சேதானேடா பண்ணினே?" என்றாள்.

"சத்தியமா இல்ல பெரில். மறந்துட்டேன்."

"எதிர்த்த டீக்கடையில ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு, வீட்டுக்குப் போயிடலாம்னு ஹால் வாசல்ல டாக்சிக்கு நின்னுட்டிருந்தேன். சுவர் வழியா நீ வாசிக்கறது கேட்டுச்சு. அந்தச் சுருதியில. சுத்தறே, சுத்தறே, சுத்திக்கிட்டே இருக்கே." அவள் குரல் உடைந்தது. "எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? கோவம். வெர்ன் இவ்வளவு நேரம் தனியா நின்னு வாசிக்கறானே, இந்த மனுஷன் எங்க போய்த் தொலைஞ்சான், டீ குடிக்கற நேரமா இதுன்னு. அவனை இழுத்துட்டு வந்து மேடையில தள்ளலாம்னு கதவு வரைக்கும் வந்துட்டேன்டா. கதவுல கை வெச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

வெர்னன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். அடக்கத்தன்றுகூட ஒருவர் முன்னால் ஒருவர் அழுததில்லை. வாசலில் வந்து நின்ற டீன் திரும்பிப் போகப் பார்த்தான்.

"ஏய், குழாய்க்காரா, இங்க வா" என்றாள் பெரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அவனை மாதிரி பாடறதை இன்னியோட விட்டுடு. அவன் ஒருத்தனே எனக்குப் போதும். உன்னை மாதிரி பாடு. தொண்டைக்குத் தேன் வாங்கிக்கோ."

"சரிங்க மிஸஸ் ட்ரான்ட்டர்."

"பெரில்னு கூப்பிடு. நாற்பது ஊராமே? நான் எல்லாத்துக்கும் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

நாபி பழைய கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடப் போனான். மறுநாள் கச்சேரி இல்லை. வழக்கம்போல எல்லாவற்றையும் சரிபார்த்து வைப்பது அவன் வேலை.

"வெர்ன், இதையும் மத்ததோட சேர்த்து மேல ஏத்திடவா?"

"இதை ஏத்தாதே" என்றார் வெர்னன். "மத்ததையெல்லாம் இறக்கு."